அரளியிலிருந்து அந்துப்பூச்சிக்கு

திருவண்ணாமலையில் கொஞ்சம் இடம் விட்டுக் கட்டிய வீடு என்றால் வாசலில் ஒரு செவ்வரளியாவது நிற்கும். பக்கத்தில் நந்தியாவட்டை, பந்தலில் மல்லிகை, கொல்லையில் முருங்கை, வேலியில் யாரும் நடாமலே ஏறிய சீந்தில். சாமிக்குப் பூ, குழம்புக்குக் காய் என்ற இரண்டு தேவைகள்தான் இந்தத் தோட்டத்தை அமைத்தவை. வீட்டில் யாரைக் கேட்டாலும் இந்தச் செடிகளின் பெயர் தயங்காமல் வரும். எது எந்த மாதம் பூக்கும், எதன் பால் கண்ணில் படக் கூடாது என்பதும் தெரிந்திருக்கும். அதே தோட்டத்தில் இருட்டிய பிறகு பறக்கும் அந்துப்பூச்சிகளைப் பற்றிக் கேட்டால், 'ஏதோ பூச்சி' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இதில் வியப்பில்லை. இந்தியாவில் வண்ணத்துப்பூச்சி இனங்கள் சுமார் 1,300. அந்துப்பூச்சி இனங்களோ பத்தாயிரத்துக்கும் மேல். உலகக் கணக்கும் இதே விகிதத்தைக் காட்டுகிறது. செதிலிறகுப் பூச்சிகளில் இதுவரை பெயரிடப்பட்டவை ஏறத்தாழ 1,57,000. அவற்றில் வண்ணத்துப்பூச்சிகள் 19,000-க்குள் அடங்கிவிடும், மீதி எல்லாம் அந்துப்பூச்சிகள். இத்தனை பெரிய கூட்டத்தில் ஒன்றை எப்படி அடையாளம் காண்பது? தெரிந்த செடியில் தொடங்கித் தெரியாத பூச்சிக்குப் போவதே தோட்டக்காரருக்கு நேர்வழி என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். இறகைப் பார்ப்பதும் விளக்கு வைப்பதும் அதற்குப் பின்னால் வர வேண்டியவை.

வழக்கமான முறை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. இரவில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் முன் விளக்கை ஏற்றி, வந்து உட்காரும் பூச்சிகளைப் படம் எடுத்துப் புத்தகத்தோடு ஒப்பிடுவார்கள். ஒப்பிட வேண்டிய நூல்களுக்கு இந்தியாவில் நீண்ட மரபு உண்டு. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஜார்ஜ் ஹாம்ப்சன், பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையில் அந்துப்பூச்சிகளுக்காக நான்கு தொகுதிகளை 1892 முதல் 1896 வரை வெளியிட்டார். இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் நூல் அது. ஆனால் அது ஊசி குத்திப் பெட்டியில் அடுக்கிய பூச்சிகளை வைத்து எழுதப்பட்டது. குடும்பத்தையும் பேரினத்தையும் பிரிக்க அது கேட்கும் கேள்விகளில் பல இறகு நரம்புகளைப் பற்றியவை: எந்த நரம்பு எங்கே கிளைக்கிறது, எது எதோடு சேர்கிறது. செதில் மூடிய இறகோடு சுவரில் உட்கார்ந்திருக்கும் உயிருள்ள பூச்சியிடம் இந்தக் கேள்விகளைக் கேட்க முடியாது. மிஞ்சுவது நிறமும் கோலமும்தான். அவையும் உறுதியானவை அல்ல. ஒரே இனத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறம் மாறும், மழைக்காலத் தலைமுறைக்கும் கோடைத் தலைமுறைக்கும் மாறும், நாலு நாள் பறந்தால் செதில் உதிர்ந்து வெளுக்கும். போதாததற்கு, பார்வைக்கு இரட்டைப் பிறவிகளாக இருக்கும் தனித்தனி இனங்களும் உண்டு.

விளக்கு சொல்லும் சாட்சியத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. விளக்கில் விழும் விட்டிலைப் பற்றி நாம் பலவாறு பேசியிருக்கிறோம். பூச்சி ஒளியை நாடி வருகிறது என்பதே பொது நம்பிக்கை. 2024 ஜனவரியில் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. சாமுவேல் ஃபேபியன், யாஷ் சோந்தி முதலிய ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் பதிவு செய்து பார்த்தபோது, பூச்சிகள் விளக்கை நோக்கி நேராகப் பறக்கவில்லை. விளக்கின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு பறந்தன. இரவில் தரையைவிட வானமே வெளிச்சமானது. வெளிச்சம் உள்ள பக்கம் முதுகு இருந்தால் உடல் நேராக இருக்கிறது என்று பொருள். பக்கவாட்டில் ஒரு பல்பு எரிந்தால் இந்தக் கணக்கு குழம்பி, பூச்சி சாய்ந்து சாய்ந்து அதையே சுற்றத் தொடங்குகிறது. ஆக, அந்த வழியே கடந்து போனவை சிக்கிக்கொள்வதையே விளக்கு காட்டுகிறது. அவை அந்தத் தோட்டத்தில் பிறந்தவையா, அடுத்த தெருவிலிருந்து வந்தவையா என்று அது சொல்லாது. நிலவும் குறுக்கிடும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் சி. பி. வில்லியம்ஸ் விளக்குப்பொறி வைத்துச் செய்த ஆய்வை 1936-இல் வெளியிட்டார். முழுநிலவை ஒட்டிய இரவுகளில் பொறியில் விழும் பூச்சிகள் குறைவதை அது காட்டியது. திருவண்ணாமலைக்கு இது நேராகப் பொருந்தும். ஊரே விழித்திருக்கும் கிரிவல இரவு பௌர்ணமியில் வருகிறது, மலைமேல் தீபம் ஏறும் கார்த்திகைத் திருநாளும் பௌர்ணமியை ஒட்டியே வருகிறது. அந்த இரவுகளில் விளக்கு வைத்து எடுத்த பட்டியல் சின்னதாக இருந்தால், ஊரில் பூச்சி குறைந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் தெருவிளக்குகளும் வீட்டு விளக்கோடு போட்டியிடுகின்றன. இவ்வளவையும் கழித்துப் பார்த்த பிறகே விளக்கின் சாட்சியத்தை ஏற்க முடியும்.

செடியின் சாட்சியம் ஏன் வலுவானது? அந்துப்பூச்சியின் வாழ்க்கையில் உண்பதும் வளர்வதும் பெரும்பாலும் புழுப் பருவத்தில் முடிந்துவிடுகின்றன. அந்தப் புழு கண்ட இலையைத் தின்னாது. இலைகள் பூச்சிகளுக்கு எதிராக நஞ்சு வைத்திருக்கின்றன. அந்தந்தச் செடிக் குடும்பத்துக்கு அந்தந்த வகை நஞ்சு. ஒரு நஞ்சைச் சமாளிக்கக் கற்ற பூச்சி வம்சம் அந்தக் குடும்பத்துச் செடிகளிலேயே தங்கிப் பெருகுகிறது. பால் எர்லிக், பீட்டர் ரேவன் இருவரும் 1964-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வண்ணத்துப்பூச்சிகளை வைத்து இந்தக் கருத்தை முன்வைத்தது. அந்துப்பூச்சிகளுக்கும் அது பொருந்துகிறது. வாசல் அரளியையே எடுத்துக்கொள்ளலாம். அதன் எல்லாப் பகுதியிலும் இதயத்துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது. ஆடு மாடு வாய்வைக்காத அந்த இலையைச் சாதாரணமாக மென்று வளரும் ஒரு பெரிய பச்சைப் புழு உண்டு. அதுதான் டாஃப்னிஸ் நீரி, அரளி அந்துப்பூச்சியின் புழு. ஹாம்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் இதைச் சோதித்தபோது ஒரு புதிர் எழுந்தது. அரளி நஞ்சு தாக்கும் நொதி இந்தப் புழுவிலும் மற்ற பூச்சிகளில் போலவே நஞ்சுக்கு எளிதில் பணிந்துவிடுகிறது. ஆகவே நஞ்சு அந்த நொதியை எட்டாமலே தடுக்கும் ஏற்பாடு புழுவின் உடலில் வேறு எங்கோ இருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஏற்பாடு எல்லாப் பூச்சியிடமும் இருக்காது என்பதால்தான் அரளிச் செடி நமக்கு உதவுகிறது: இலை கடிபட்டிருந்தால் சந்தேகப்பட வேண்டியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

கடிபட்ட அரளியை அருகில் போய்ப் பார்த்தால் அடையாளம் எவ்வளவு சுருங்குகிறது என்பது தெரியும். முதலில் பார்க்க வேண்டியது செடியை அல்ல, அதன் அடித்தரையை. அங்கே மிளகை விடப் பெரிய எச்சங்கள் கிடந்து, ஒவ்வொன்றின் நீளவாக்கிலும் பள்ளக் கோடுகள் ஓடினால், மேலே இருப்பது ஸ்பிங்கிடே குடும்பத்துப் புழு. பருந்து அந்துப்பூச்சிகள் என்று சொல்லப்படுபவை இவை. எச்சத்துக்கு நேர்மேலே கிளையை நோட்டம் விட்டால் விரல் பருமனில் பச்சைப் புழு இலைக் காம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். வால் பக்கம் ஒரு குட்டைக் கொம்பு, தலைக்குப் பின்னால் கறுப்பு விளிம்பிட்ட நீலவெள்ளைக் கண்போன்ற இரண்டு பொட்டுகள். தொட்டால் தலையை உள்ளிழுத்துக்கொள்ளும், பொட்டுகள் இரண்டும் விழித்துப் பார்க்கும். இதே அரளியில் வாழும் இன்னொரு புழு வெண்புள்ளிக் கருப்பன் என்ற வண்ணத்துப்பூச்சியுடையது. அதற்குக் கொம்பில்லை, முதுகில் நாலு ஜோடிக் கறுப்பு இழைகள் நீண்டிருக்கும், உடம்பில் பட்டை பட்டையாகக் கோடு இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. கொம்புள்ள புழு சில நாளில் பச்சை நீங்கிப் பழுப்பேறி, செடியை விட்டு இறங்கி, சருகுக்கு அடியில் கூட்டுப்புழுவாகும். அதிலிருந்து வரும் அந்து கரும்பச்சையும் வெளிர்பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த கோலத்தோடு இருக்கும். அதன் நெருங்கிய உறவான டாஃப்னிஸ் ஹைப்போதஸ் இறகில் ஏறக்குறைய அதேபோல் தெரியும்; ஆனால் அதன் புழு தேடிப்போவது காப்பி, வெட்சி முதலியன அடங்கிய ரூபியேசி குடும்பத்துச் செடிகளை. இறகை வைத்துப் புதியவர் தடுமாறும் இடத்தில் செடி சட்டென்று வழக்கை முடித்துவைக்கிறது.

மற்றச் செடிகளுக்கும் இப்படியே ஒரு பட்டியல் போடலாம். நந்தியாவட்டையும் அரளியின் குடும்பம் என்பதால் அரளிப் புழு அதிலும் வரும். அதோடு, இலைகளைப் பட்டு நூலால் ஒட்டி உள்ளேயிருந்து தின்னும் சிறு புழுவும் இருந்தால் அது பரோட்டிஸ் பேரினமாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரியதானதும் மெல்லிய பச்சை இறகோடு வெளிவரும். மல்லிகை மொட்டில் துளையும் நூலாம்படையும் தெரிந்தால் மொட்டுப்புழு, ஹெண்டிகாஸிஸ். பூக்கட்டுகிறவர்களுக்கும் பூ விவசாயிகளுக்கும் நன்றாகத் தெரிந்த எதிரி. முருங்கைத் தண்டில் பகலில் கூட்டமாக ஒட்டிக்கிடக்கும் கம்பளிப்பூச்சிகள் யூப்டெரோட்டி மாலிஃபெரா. இதைக் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும், மயிர் பட்டால் தோல் தடித்துவிடும். ஆமணக்கு இலையைச் சல்லடையாக்கும் காவடிப்புழு அக்கேயா ஜனாட்டா. அதன் அந்தின் பின்னிறகில் கறுப்பில் வெள்ளைத் திட்டுகள் இருக்கும். செங்காந்தளையும் தோட்டத்து லில்லியையும் மொட்டையடிக்கும் புழு பாலிட்டெலா குளோரியோசே. களாச் செடியில் கொம்புள்ள புழு இருந்தால் நெஃபெலி என்ற பேரினத்தை நினைக்கலாம். இந்தப் பட்டியலைப் பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம். பத்தாயிரத்தில் ஒன்றைத் தேடுவதாக இருந்த வேலை, ஒரு செடிக்கு நாலைந்தில் ஒன்றைத் தேடுவதாக மாறிவிட்டது.

இது வசதிக்காக இப்போது கண்டுபிடித்த குறுக்குவழி அல்ல. இந்தத் துறையின் நல்ல வேலைகள் பலவும் இந்த வழியில் நடந்தவைதான். மரியா சிபில்லா மெரியன் 1705-இல் வெளியிட்ட சூரினாம் பூச்சிகளின் ஓவிய நூலில் ஒவ்வொரு பூச்சியையும் அதன் புழு, கூடு, செடி ஆகியவற்றோடு ஒரே பக்கத்தில் வரைந்தார். இந்தியாவில் வடகன்னடக் காடுகளில் வன அதிகாரியாக இருந்த டி. ஆர். பெல், ஆண்டுக்கணக்கில் புழுக்களை வளர்த்து எந்தச் செடியில் எது வரும் என்று குறித்துவைத்தார். அவரும் எஃப். பி. ஸ்காட்டும் சேர்ந்து 1937-இல் வெளியிட்ட ஸ்பிங்கிடே தொகுதி ஹாம்ப்சனின் நூல் வரிசையிலேயே வந்தது. ஆனால் அதில் பூச்சிகள் உயிரோடு இருக்கின்றன, அவற்றின் புழுக்களும் தீனியும் சேர்ந்தே விவரிக்கப்படுகின்றன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உலகெங்கும் இருந்து இப்படிப்பட்ட பதிவுகளை, சுமார் 1,80,000 பதிவுகளை, ஒரே இடத்தில் திரட்டியிருக்கிறது. எல்லாவற்றையும்விடக் கூர்மையான எடுத்துக்காட்டு கோஸ்டா ரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே டேனியல் ஜான்சனும் அவரோடு உழைத்தவர்களும் 1978 முதல் காட்டுப் புழுக்களை வளர்த்துவந்தார்கள். அஸ்ட்ராப்டெஸ் ஃபல்ஜரேட்டர் என்ற, ஸ்கிப்பர் வகை வண்ணத்துப்பூச்சி இறகில் ஒரே இனமாகத்தான் தெரிந்தது. புழுக்களின் நிறமும் அவை தின்ற செடிகளும் வேறுவேறாக இருந்தன. 2004-இல் மரபணுத் துண்டை ஒப்பிட்ட ஆய்வு, அது பத்து இனங்களின் கூட்டம் என்று அறிவித்தது. பத்து என்ற எண்ணை ஏற்காமல் மூன்று முதல் ஏழுக்குள்தான் என்று மறுத்தவர்கள் உண்டு. ஒன்றுதான் என்று அவர்களும் சொல்லவில்லை. இறகு மறைத்ததைப் புழுவும் செடியும் மரபணுச் சோதனைக்கு முன்பே சொல்லிவிட்டன.

எதிர்வாதங்களில் வலுவானது இது: எல்லாப் புழுவும் இப்படி நாக்கைக் கட்டிப்போட்டுக்கொள்வதில்லையே? உண்மைதான். புகையிலை வெட்டுப்புழு என்ற ஸ்போடாப்டெரா லிட்டுரா நூற்றுக்கும் மேற்பட்ட செடிகளைத் தின்கிறது. பச்சைக் காய்ப்புழு ஹெலிகோவெர்பாவும் அதற்குச் சளைத்ததல்ல. தக்காளியில் ஒரு புழுவைக் கண்டு, தக்காளியை மட்டும் வைத்து அதன் பெயரைச் சொல்ல முடியாது. ஆனால் இந்த விதிவிலக்கே ஒரு குறிப்பாகப் பயன்படுகிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஆமணக்கு, வாழை, கத்தரி மூன்றிலும் ஒரே தோற்றமுள்ள புழு தெரிந்தால், நாம் பார்ப்பது எதையும் தின்னும் சிறு குழுவைச் சேர்ந்தது என்று ஊகிக்கலாம். அந்தக் குழுவில் இருப்பவை பெரும்பாலும் பயிர்ப் பூச்சிகள். வேளாண் துறையினர் அவற்றைத்தான் மிக விரிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். பெண் அந்து தன் முட்டைக் குவியலை உடம்பு மயிரால் மூடி வைத்திருந்தால் ஸ்போடாப்டெரா மேல் சந்தேகம் வலுக்கும். ஆக, பல செடி தின்னிகள் இந்த முறையைத் தோற்கடிக்கவில்லை. செடியோடு முட்டையையும் புழுவின் தோற்றத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கின்றன.

அடுத்த எதிர்வாதம், செடியில் உட்கார்ந்திருப்பதெல்லாம் அந்தச் செடியைத் தின்பது அல்ல என்பது. இதுவும் சரி, முறையைச் சரியாகப் பயன்படுத்த இந்த எச்சரிக்கை தேவை. கொய்யாவிலும் மாதுளையிலும் இரவில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை போட்டுச் சாறு உறிஞ்சும் யூடோசிமா அந்துக்கள் பழமரத்தில் வளர்ந்தவை அல்ல. அவற்றின் புழுக்கள் வேலியில் ஏறிய சீந்திலையும் கட்டுக்கொடியையும் தின்று வளர்ந்தவை. முன்னிறகை மடித்து உட்கார்ந்தால் காய்ந்த இலைதான். விரித்தால் ஆரஞ்சு நிறப் பின்னிறகு பளிச்சிடும். அதில் கறுப்பு வட்டப் பொட்டு இருந்தால் மடெர்னா, காற்புள்ளி போல் வளைந்த கறுப்புக் குறி இருந்தால் ஃபுல்லோனியா. ஆகவே சாட்சியாகக் கொள்ள வேண்டியது அந்து உட்கார்ந்த இடத்தை அல்ல; கடித்த இலை, எச்சம், முட்டை, தின்றுகொண்டிருக்கும் புழு ஆகியவற்றை. செடியே தின்னாதவையும் இருக்கின்றன. சேமித்த நெல்லில் வளர்வது ஒன்று, அரிசியிலும் மாவிலும் வளர்வது ஒன்று. வீட்டுச் சுவரில் சாம்பல் நிறத் தட்டை உறையை இழுத்துக்கொண்டு ஊர்வது சிலந்தி வலையையும் உதிர்ந்த முடியையும் தின்னும் டினியிடே குடும்பத்துப் புழு. உறையின் இரண்டு முனையும் திறந்திருப்பதால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தலை நீட்டும். மலைப்பாறையிலும் கோயில் மதிலிலும் படரும் லைக்கனை மேயும் லித்தோசீனே வகை அந்துக்களும் உண்டு. இவற்றிடமும் கேள்வி மாறவில்லை: இது எதைத் தின்றது? தோட்டத்தில் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் செடி பதிலாகிறது, அவ்வளவுதான்.

புழுவே கண்ணில் படாமல் விடியற்காலைச் சுவரில் ஓர் அந்து மட்டும் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? இறகைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் கோலத்தை அல்ல, உட்காரும் விதத்தை. ஜெட் விமானம்போல் குறுகிய முன்னிறகைப் பின்னோக்கிச் சாய்த்து, தடித்த உடம்போடு இருந்தால் ஸ்பிங்கிடே. நாலு இறகையும் விரித்துச் சுவரோடு அழுந்தப் படிந்திருந்தால் பெரும்பாலும் ஜியோமெட்ரிடே. அதன் புழுதான் அளந்து அளந்து நடக்கும். கூரைபோல் இறகைச் சாய்த்துக் கட்டையாகத் தெரிந்தால் நாக்டுயிடே அல்லது எரிபிடே. முக்கோணமாக, நீண்ட காலில் எழும்பி, மூக்கு நீண்டதுபோல் உட்கார்ந்தால் கிராம்பிடே. நந்தியாவட்டை, மல்லிகைப் புழுக்களின் அந்துக்கள் இந்தக் குடும்பம். ஆங்கில டீ எழுத்துபோல் மெல்லிய இறகைக் குறுக்கே நீட்டினால் டெரோஃபோரிடே. குடும்பம் தெரிந்துவிட்டால், தோட்டத்தில் இருக்கும் எந்தச் செடி அந்தக் குடும்பத்துக்கு உணவாகும் என்று திரும்பிப் பார்க்கலாம். அரளி உள்ள வாசலில் ஸ்பிங்கிடே வந்தால் முதல் ஊகம் எது என்பது சொல்லாமலே விளங்கும். பகலில் பறப்பவற்றை விட்டுவிடக் கூடாது. வண்ணத்துப்பூச்சி பகல், அந்துப்பூச்சி இரவு என்ற பாகுபாடு அரைகுறையானது. பட்டப்பகலில் இட்லிப்பூ முன் ஓரிடத்தில் நின்று பறந்தபடி தேன் குடிக்கும், கண்ணாடி இறகுள்ள செஃபனோடெஸ் ஹைலாஸ் ஓர் அந்துப்பூச்சிதான். கூட்டை விட்டு வரும்போது அதன் இறகிலும் செதில் உண்டு. முதல் பறத்தலிலேயே அது உதிர்ந்துவிடுகிறது.

இதெல்லாம் எதற்கு, கைப்பேசியில் படம் எடுத்தால் செயலி பெயர் சொல்லிவிடுகிறதே என்று கேட்கலாம். செயலியை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அது சொல்வது ஒரு முன்மொழிவு. சரியா என்று பார்க்க நம்மிடம் வேறொரு சாட்சி இருக்க வேண்டும். செடி அந்தச் சாட்சி. செயலி சொல்லும் இனத்தின் உணவுச்செடி நம் தோட்டத்திலோ தெருவிலோ இல்லை என்றால் நிறுத்தி யோசிக்கலாம். எந்தச் சாட்சியும் உதவாத இடங்களும் இருக்கின்றன. தரிசில் கிலுகிலுப்பைச் செடிகளுக்கு மேல் பகலில் பறக்கும், வெள்ளையில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிவைத்த உட்டெதீசா அந்துக்களை எடுத்துக்கொள்வோம். நெருங்கிய இனங்கள் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்று. உணவுச்செடியும் ஒன்றையொன்று ஒட்டியது. திட்டமாகப் பிரிக்க உடற்கூற்றை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். அங்கே 'உட்டெதீசா' என்று பேரினத்தோடு நிறுத்துவதுதான் சரியான விடை. உறுதியில்லாத முழுப்பெயரை எழுதிவைத்தால், அடுத்து வருபவர் அதை நம்பிப் பிழையைப் பெருக்குவார்.

இந்த வாதத்தின் நடைமுறை உறுதிப்பாட்டை ஊருக்கு வெளியே மல்லாட்டைக் கொல்லையில் பார்க்கலாம். ஆனி, ஆடியில் நல்ல மழை ஒன்று பெய்ததும் அந்தி கழிந்த பின் வெள்ளை அந்துக்கள் மண்ணிலிருந்து கூட்டமாக எழும். வரப்போரத்திலும் மர நிழலிலும் மண்ணுக்குள் மாதக்கணக்கில் கூட்டுப்புழுவாகக் கிடந்த சிவப்புக் கம்பளிப்புழுவின் அந்துக்கள் இவை. முன்னிறகின் விளிம்பிலும் தலையிலும் மஞ்சள் கோடு இருந்தால் அம்சாக்டா அல்பிஸ்ட்ரைகா, அதே இடத்தில் சிவப்பு இருந்தால் அதன் உறவான அம்சாக்டா மூரெய். விவசாயிகள் அன்றிரவே வயலோரத்தில் தீ மூட்டியும் விளக்குப்பொறி வைத்தும் அவற்றை முட்டையிடும் முன் பிடிக்கிறார்கள். இங்கே விளக்கு சரியான கருவிதான். ஆனால் எந்த இரவில் ஏற்ற வேண்டும், எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதைப் பயிரும் மழையும் முன்பே சொல்லிவிட்டன. டி. பெயின்பிரிக் ஃப்ளெட்சர் 1914-இல் சென்னையில் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல் முதலாக, நம் வேளாண் பூச்சியியல் பயிரைத் தொடக்கமாகக் கொண்டே வளர்ந்திருக்கிறது. வீட்டுத் தோட்டக்காரர் அந்த முறையைக் கடன் வாங்கிக்கொண்டால் போதும். பூச்சியை ஒழிப்பது மட்டும் இங்கே நோக்கமல்ல.

முறையை நிறைவு செய்வது வளர்ப்பு. புழுவை அது தின்றுகொண்டிருந்த செடியின் தளிரோடு, காற்றுப் போகத் துணி கட்டிய புட்டியில் வைத்து, அடியில் விரற்கடை ஈரமண் போட்டு, நாள்தோறும் அதே செடியின் புது இலை கொடுத்தால், வெளிவரும் அந்து ஊகத்தைச் சோதித்துக் காட்டும். சில சமயம் அந்துக்குப் பதில் சின்னஞ்சிறு குளவிகள் வெளிவரும். புழுவுக்குள் முட்டையிட்டு வளரும் ஒட்டுண்ணிகள் அவை, அதுவும் ஒரு பதிவுதான். நாள், செடி, புழுவின் படம், அந்தின் படம் என நாலு தகவல் சேர்ந்த ஒரு வரி, பெயர் மட்டும் உள்ள நூறு வரிகளைவிட மதிப்புள்ளது. பெயர் தவறாக இருந்தாலும் பின்னால் வருபவர் அதைத் திருத்திவிட முடியும். திருவண்ணாமலையில் இந்தப் பதிவுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மொட்டையாகக் கிடந்த அண்ணாமலைச் சரிவுகளில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து மரம் நடும் முயற்சிகள் நடந்துவருகின்றன. மலையடிவாரத்தில் நாட்டு மரங்கள் திரும்ப வந்திருக்கின்றன. நட்ட மரங்களை எண்ணிவிடலாம். காட்டின் உறவுகள் திரும்பிவிட்டனவா என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. ஒரே செடியை நம்பி வாழும் புழு அந்தச் செடியைத் தேடி வந்து முட்டையிட்டு, தலைமுறை தொடர்கிறது என்றால் அது ஒரு பதில். அந்தப் பதிலைப் படிக்கத் தெரிய, எந்தப் பூச்சி எந்தச் செடியுடையது என்ற அறிவு ஊரில் இருக்க வேண்டும். அதை வாசல் அரளியில் கற்றுக்கொண்டவர் மலைச்சரிவின் களாவிலும் சீந்திலிலும் பயன்படுத்த முடியும். விளக்கடியில் சேர்த்த பெயர்ப் பட்டியலால் மட்டும் அது முடியாது.